இலவச வாசல்களின் கதை

போன மாசி மாதம் எங்கடை சங்கத்தின் பெற்றோர் கூட்டத்திலே ஒரு அக்கா எழும்பி ஒரு கேள்வி கேட்டா. "பள்ளிக்கூட லீவு வந்தால் பிள்ளையளை எங்கை கூட்டிக்கொண்டு போறது? வெளிக்கிட்டால் ஐம்பது பவுண் போயிடும். வீட்டிலை வைச்சிருந்தால் ஃபோனுக்குள்ளையே தலையைக் குடுத்துக்கொண்டு கிடக்குதுகள்."

ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றார் ஒருவர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை நடன வகுப்பு, அதுக்கு மேலை பிள்ளையளுக்கு என்ன வேணும் என்றார் இன்னொருவர். நான் பின்வரிசையில் இருந்தேன். எனக்குச் சொல்ல ஒரு மறுமொழி இருந்தது. ஆனால் நீளமான மறுமொழி. எழும்பிக் கதைக்கக் கூச்சமாகவும் இருந்தது, இரவு வேலைக்கு நேரமும் ஆகிவிட்டது. புத்தாண்டு மலருக்கு எழுதித் தாறன் என்று செயலாளர் அண்ணையிடம் சொல்லிப்போட்டு வந்துவிட்டேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. வடமராட்சியில் ஏ.எல். வரைக்கும்தான். இப்போது சாப்பாட்டுப் பக்ரறி ஒன்றில் சன்விச் பெட்டி அடைக்கிற வேலை. சரித்திரம் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டால், ஏ.எல்லில் வரலாறு ஒரு பாடமாக எடுத்தனான் என்பதற்கு மேலே சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது வேலைக்காரரின் சரித்திரம். அதனால் துணிந்து எழுதுகிறேன்.

2010 ஆம் ஆண்டு கடைசியில் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். கேஸ் முடிய மூன்று வருடம் எடுத்தது. அந்த மூன்று வருடமும் வேலை செய்ய அனுமதி இல்லை. ஈஸ்ற்ஹாமில் ஒரு அறையில் நாலு பேர். மற்ற மூன்று பேரும் விடிய வேலைக்குப் போய்விடுவார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பகலில் ஹீற்றர் போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். இந்த மலரை வாசிக்கிற எத்தனையோ பேருக்கு அந்தச் சுவரைத் தெரிந்திருக்கும்.

இடைக்கிடை கையெழுத்து வைக்கப் போகவேணும். அன்றைக்கு மட்டும் ஒருநாள் பஸ் பாஸ் எடுப்பேன். பாஸ் இரவு வரைக்கும் செல்லும். அதை வீணாக்க மனம் வராது. கையெழுத்து வைத்த பிறகு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, மேல்தட்டில் முன் சீற்றில் இருந்து கடைசித் தரிப்பு வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். லண்டனை நான் முதலில் பார்த்தது அப்படித்தான், பஸ் கண்ணாடிக்கு உள்ளே இருந்து.

2011 மாசியில் ஒரு நாள் பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பெரிய இரும்புக் கேற் ஒன்றுக்குள்ளே சனம் போய்க்கொண்டிருந்தது. ஒதுங்கலாம் என்று நானும் பின்னாலே போனேன். வாசலில் நின்ற காவலாளி ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். எனக்கு அப்போது இங்கிலீஸ் அவ்வளவு பிடிபடாது. என்ரை கை தானாகவே பொக்கற்றுக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் பழகின கை அல்லவா. அந்த மனிசன் அட்டையைப் பார்க்கவே இல்லை. சிரித்துக்கொண்டு என் தோளில் கிடந்த பையைக் காட்டினார். திறந்தேன். ஒரு தண்ணிப் போத்தல், இரண்டு துண்டு பாண். சரி, போ என்று கையைக் காட்டினார். காசு எவ்வளவு என்று கேட்டேன். காசு இல்லையாம்.

அதுதான் பிரிட்டிஷ் மியூசியம், எங்கடை பழைய புத்தகங்களில் பிரித்தானிய நூதனசாலை என்று வரும். உள்ளே சூடாக இருந்தது. எகிப்துக்காரரின் சவப்பெட்டிகளையும் கல்லுச் சிங்கங்களையும் பார்த்துக்கொண்டு நடந்து நடந்து நீளமான ஒரு மண்டபத்துக்கு வந்தேன். அங்கே கண்ணாடிக்குள் ஒரு அம்மன் நிற்கிறா. நாலே முக்கால் அடி உயரம் இருக்கும். வெண்கலத்துக்கு மேலே பொன் பூசிய சிலை. ஒரு கை கீழே தாழ்ந்து வரம் கொடுக்கிறது. பக்கத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். திருகோணமலை, மட்டக்களப்பு! அந்தக் கட்டிடம் முழுவதிலும் நான் எழுத்துக்கூட்டாமல் வாசித்த முதல் இரண்டு சொற்கள் அவைதான்.

அவ தாரா தேவி. எட்டாம் நூற்றாண்டுச் சிலை. இரண்டு பட்டினங்களுக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் எடுத்தது. 1815 இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலத் தேசாதிபதி றொபேட் பிறவுண்றிக் 1830 இல் நூதனசாலைக்குக் கொடுத்தார். இடுப்புக்கு மேலே உடுப்பில்லாத சிலை என்றபடியால் ஏறக்குறைய முப்பது வருடம் பொதுசனத்துக்குக் காட்டாமல், படித்த ஆட்களுக்கு மட்டும் காட்டினார்களாம். பௌத்தச் சிலை என்று யாரும் முகத்தைச் சுழிக்கவேண்டாம். தமிழருக்குள்ளும் பௌத்தம் இருந்த காலம் ஒன்று உண்டு, மணிமேகலையே அதற்குச் சாட்சி. எனக்கு அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. ஊர்ப்பக்கத்து ஆள் ஒன்று எனக்கு முன்னமே வந்து இஞ்சை நிற்குது என்று மட்டும் நினைத்தேன். அவவிடமும் ஆரும் விரும்பி வந்தனியோ எண்டு கேட்டிருக்க மாட்டினம்.

ஏன் காசு கேட்கவில்லை என்ற யோசனைதான் என்னை விடவில்லை. இந்த நாட்டில் மூத்திரம் பெய்யக்கூடச் சில இடங்களில் இருபது, முப்பது பென்ஸ் கேட்பார்கள். விடையைத் தேடி ஈஸ்ற்ஹாம் நூலகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். கேஸ் முடிகிற வரைக்கும் எனக்கு அதுதான் வேலை.

ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் 1753 இல் செத்தபோது எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய செல்வத்தில் ஒரு பங்கு ஜமைக்காவின் அடிமைத் தோட்டங்களில் இருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரசாங்கம் லொத்தர் நடத்திக் காசு திரட்டி அதை வாங்கியது. 1759 இல் நூதனசாலை திறந்தது. அன்றிலிருந்தே இலவசம்தான். ஆனால் இலவசம் என்பது வேறு, வாசல் திறந்திருப்பது வேறு. அந்தக் காலத்தில் உள்ளே போகிறதென்றால் முதலில் பெயர், விலாசம், இன்ன நிலையிலுள்ள ஆள் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதை மேலிடம் பார்த்துச் சரி சொல்லவேண்டும். பிறகு ரிக்கற் வாங்க இன்னொருநாள் வரவேண்டும். எங்களுக்கு நல்லாய்த் தெரிந்த நடைமுறைதான்.

அப்படிப் போன ஒருவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பெயர் வில்லியம் ஹற்றன். ஏழு வயதில் டார்பி நகரத்தில் பட்டு ஆலையில் வேலைக்கு விட்டார்கள். மெசினுக்கு உயரம் காணாது என்று காலுக்குக் கீழே உயரக் கட்டைகள் கட்டி நிற்க வைத்தார்களாம். பிறகு தானாகப் படித்து, பேர்மிங்காமில் புத்தகக்கடை போட்டு, அந்த நகரத்தின் சரித்திரத்தையே எழுதிய மனிதர். 1784 இல் அறுபத்தொரு வயதில் லண்டனுக்கு வந்தவர், நூதனசாலையைப் பார்க்கும் ஆசையில் வேறொருவரிடம் இருந்த ரிக்கற்றை ஏறக்குறைய இரண்டு சிலிங் கொடுத்து வாங்கினார். உள்ளே பத்துப்பேரளவில் ஒரு கூட்டமாகச் சேர்த்து, வழிகாட்டி ஒருவன் துரத்தாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனான். இது என்ன என்று கேட்டதுக்கு ஒழுங்கான மறுமொழி இல்லை. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து வெளியே வந்துவிட்டார். போனபோது இருந்த அறிவோடுதான் திரும்பி வந்தேன் என்ற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். ஆலையில் வேலை செய்த பிள்ளைக்கு வந்த கோபம் அது. நான் அன்றைக்கு மழையில் ஒதுங்கி மூன்று மணித்தியாலம் நின்றதை நினைத்துப் பார்க்கிறேன்.

1810 அளவில் ரிக்கற் முறை போய், பார்வைக்குக் கண்ணியமாக இருக்கிற யாரும் வரலாம் என்று ஆனது. 1837 இல்தான் ஈஸ்டர் திங்கள் போன்ற பொது விடுமுறை நாட்களில் திறந்தார்கள். அதுவரைக்கும் வேலைக்காரனுக்கு லீவு உள்ள நாளில் கதவு பூட்டு. 1848 இல் வாக்குரிமை கேட்டு லண்டனில் தொழிலாளர் கூட்டம் கூடியபோது, நூதனசாலைக்குச் சிப்பாய்களைக் காவல் வைத்தார்கள். அவ்வளவு பயம்.

அந்தப் பயம் தெளிந்தது 1851 இல். ஹைட் பார்க்கில் இரும்பாலும் கண்ணாடியாலும் மாளிகை ஒன்று கட்டி, உலகத்துப் பொருட்களை எல்லாம் காட்சிக்கு வைத்தார்கள். தொடக்கத்தில் பணக்காரருக்கு மட்டும் கட்டுப்படியாகிற விலை. வைகாசி 26 ஆம் தேதியிலிருந்து திங்கள் தொடக்கம் வியாழன் வரை ஒரு சிலிங் என்று இறக்கினார்கள். சிலிங் நாட்களில் காவாலிக் கூட்டம் வந்து கண்ணாடியை நொருக்கப் போகுது என்று பெரிய மனிதர்கள் பயந்தார்கள். வந்தது யார்? தோட்டக்காரர், நெசவாளர், பொதி கட்டிக்கொண்டு ரயிலில் வந்த கிராமத்துச் சனம். ஒரு கண்ணாடியும் நொருங்கவில்லை. அறுபது லட்சம் வருகைகளில் நாலில் மூன்று பங்குக்குக் கிட்ட சிலிங் நாட்களில் வந்தவைதான். அந்தக் கண்காட்சியின் லாபம் ஏறக்குறைய 186,000 பவுண். அதில் வாங்கிய நிலத்தில்தான் இன்றைக்கு சவுத் கென்சிங்ரனில் இருக்கிற பெரிய நூதனசாலைகள் எல்லாம் நிற்கின்றன. கடைசியாக இந்த லீவுக்கு நீங்கள் பிள்ளைகளுக்கு டைனோசர் எலும்பைக் காட்டினால், அது நிற்கிற நிலத்திலே தொழிலாளரின் சிலிங்கும் இருக்கிறது என்று சொல்லுங்கோ.

1857 இல் அங்கே முதலாவது நூதனசாலை திறந்தது. இப்போது விக்ரோரியா அல்பேட் நூதனசாலை என்கிறோம். அதை நடத்திய ஹென்றி கோல் ஒரு புது வேலை செய்தார். மண்டபங்களுக்கு காஸ் விளக்குப் போட்டு, சில நாட்களில் இரவு பத்து மணி வரைக்கும் திறந்து வைத்தார். வேலை முடிந்து வருகிறவன் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து பார்க்கட்டும், சாராயக் கடைக்குப் போகாமல் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். எங்களைத் திருத்தப் பார்க்கிறார்கள் என்று அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு எரிச்சல் வந்திருக்கும். எனக்கும் வாசித்தபோது கொஞ்சம் வந்தது. ஆனால் அந்த விளக்கு எரியாவிட்டால் அவன் எந்த நேரம் போயிருப்பான்? இன்றைக்கும் வெள்ளிக்கிழமை இரவில் அந்த இடம் பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். ஆறு மணிச் சிஃப்ற் முடிந்து போகிறவர்களுக்கு இது தெரியவேணும்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய சண்டை. கிழமையில் ஆறு நாள் வேலை. ஏழாம் நாள் கடவுளுடைய நாள், நூதனசாலை திறந்தால் பாவம் என்று ஒரு பக்கம். 1855 இல் தொடங்கிய ஞாயிறு சங்கம் மறுபக்கம். நாற்பது வருடத்துக்கு மேல் இழுபட்டு, 1896 இல்தான் அரசாங்க நூதனசாலைகளையும் ஓவியக் கூடங்களையும் ஞாயிறு பின்னேரம் திறக்கப் பாராளுமன்றம் சம்மதித்தது. ஒரு தலைமுறை முழுக்க வாசலை வெளியே நின்று பார்த்துவிட்டே செத்திருக்கும்.

எங்கள் பக்கத்து வைற்சப்பலுக்கு வருவோம். அகதிகளாக வந்த யூதர் நெருக்கி வாழ்ந்த இடம். அங்கே 1892 இல் நூலகம், 1901 இல் பக்கத்திலேயே ஓவியக் கூடம். நூலகத்தில் அவர்களுடைய இத்திஷ் மொழிப் புத்தகங்களையும் வைத்திருந்தார்கள். வீட்டில் இடமும் வெளிச்சமும் இல்லாத பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தார்கள். 1920 இல் பன்னிரண்டு வயதில், இரண்டொரு இங்கிலீஸ் சொல்லோடு இந்த நாட்டுக்கு வந்த, போலந்தில் பிறந்த ஜேக்கப் புறொனோவ்ஸ்கி அந்த நூலகப் புத்தகங்களில் இங்கிலீஸ் பிடித்து, பின்னாளில் பெரிய விஞ்ஞானியாகி, 1973 இல் பிபிசி தொலைக்காட்சியில் மனித வரலாற்றை உலகத்துக்கே சொன்னார். 1939 தையில் பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியம் அந்தக் கூடத்துக்கு வந்தது. குண்டு போட்டு அழித்த ஒரு ஊரின் படம். பார்க்க வந்தவர்களிடம் ஸ்பெயினில் போராடுகிறவர்களுக்காகச் சப்பாத்துக் கேட்டார்களாம். நூலகம் 2005 இல் மூடப்பட்டது. அந்தக் கட்டிடம் 2009 இலிருந்து ஓவியக் கூடத்தோடு சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாண நூலகத்தை 1981 இல் கொளுத்தியபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர். நூலகம் ஒன்று இல்லாமல் போவதை நாங்கள் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது.

யுத்த காலத்துக் கதை ஒன்றும் உண்டு. 1939 இல் குண்டுக்குப் பயந்து ட்ரஃபல்கர் சதுக்கத்து தேசிய ஓவியக் கூடத்தின் படங்களை எல்லாம் ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள். வெறும் சுவர். மைறா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர் அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இசை நிகழ்ச்சி தொடங்கினார். ரிக்கற் ஒரு சிலிங். கிழமை நாட்களில் தொடர்ந்து, 1946 வரைக்கும் 1,698 நிகழ்ச்சிகள், எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம். குண்டு விழுந்த நாட்களில் நிலக்கீழ் அறைக்கு இறங்கி நடத்தினார்கள். இதை வாசித்தபோது சின்ன வயதில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றி ரேடியோவில் பாட்டுக் கேட்டது ஞாபகம் வந்தது. பங்கருக்குள் இருந்தாலும் பாட்டு வேணும். அதை வெள்ளைக்காரரும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் சரியில்லை. எங்கள் அறைக்கு 2012 இல் முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்தான். 2009 ஐ முழுசாகக் கண்டவன். அவனுக்கும் கேஸ் முடியவில்லை, வேலையில்லை. நான் பார்த்த அதே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். நான் வெளிக்கிடும்போது "எங்கை அண்ணை?" என்று கேட்பான். "கடைக்கு" என்பேன். நூதனசாலைக்குப் போறன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அகதிக் கேஸோடு இருக்கிறவனுக்கு உது ஒரு கேடா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற நினைப்பு. ஒருநாள் கூட அவனை வா என்று கூப்பிடவில்லை. அடுத்த வருடம் அவனை ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டி வந்தது. இப்போது சுகம், வேறு நகரத்தில் இருக்கிறான், வருடப்பிறப்புக்கு ஃபோன் எடுப்பான். கூட்டிக்கொண்டு போயிருந்தால் வருத்தம் வந்திராது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கடைக்கு என்று சொன்ன பொய் இன்னும் என்னோடுதான் கிடக்கிறது.

எண்பதுகளில் வந்த அண்ணைமார் சிலர், "உதெல்லாம் காசு ஐசே" என்று சொல்லுவினம். அவர்கள் சொல்வது பொய்யில்லை. 1974 இல் மூன்று மாதம் எல்லா அரசாங்க நூதனசாலைகளிலும் காசு வாங்கினார்கள். 1987 இல் டைனோசர் நிற்கிற இயற்கை வரலாற்று நூதனசாலையும் அடுத்த வருடம் விஞ்ஞான நூதனசாலையும் காசு வாங்கத் தொடங்கின. பிரிட்டிஷ் மியூசியமும் தேசிய ஓவியக் கூடமும் மாட்டோம் என்று நின்றன. 2001 மார்கழி 1 ஆம் தேதி திரும்ப எல்லாம் இலவசம் ஆனது. அண்ணைமார் வாசலில் ஒருக்கால் விலையைப் பார்த்துத் திரும்பினவர்கள், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வாசல் திறந்த செய்தி எங்கடை வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை.

செய்தி எப்படி வந்து சேரும்? எங்களுக்குத் தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டுகிற நோட்டீஸ்தான் பத்திரிகை. தேர், அரங்கேற்றம், கலை விழா எல்லாம் அதில் தெரியும். வெள்ளைக்காரப் பெடியளுக்கும் ஒரு காலம் அந்தக் கஷ்டம் இருந்தது. 1968 இல் ரோனி எலியற் என்ற மாணவன், மாமி கொடுத்த எழுபது பவுணைப் போட்டு, எங்கே என்ன நடக்குது என்று மடிப்புத்தாள் ஒன்று அடித்தான். அதுதான் 'ரைம் அவுட்' சஞ்சிகை. 2012 இலிருந்து ரியூப் வாசலில் செவ்வாய்க்கிழமைகளில் சும்மா கொடுத்தார்கள். நான் வேலை கிடைத்த புதிதில் சிஃப்ற்றுக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு போவேன். முதலில் இலவசம் என்ற சொல்லைத் தேடிக் கோடு போடுவது, பிறகு மற்றதை வாசிப்பது. என் இங்கிலீஸ் பாதி அதில் பிடித்தது. 2022 இல் லண்டனில் அது அச்சில் வருவது நின்றுவிட்டது. இப்போது ஃபோனில் பார்க்கலாம், நூலகத்து நோட்டீஸ் பலகையிலும் பார்க்கலாம். நான் இன்னும் பலகையைத்தான் நம்புகிறேன். ஃபோன், நீ ஏற்கெனவே பார்த்ததையே திரும்பத் திரும்பக் காட்டும்.

பெல்ற்றில் எனக்குப் பக்கத்தில் நின்ற போலந்து நாட்டு அம்மா ஒருவர்தான் புறொம்ஸ் இசை விழாவைச் சொன்னா. 1895 இல் தொடங்கியது, நின்று கேட்கிறவருக்கு அப்போது ஒரு சிலிங், இப்போதும் பத்துப் பவுணுக்குள்ளே. எட்டு மணித்தியாலம் பெல்ற்றில் நின்றுபோட்டு அங்கேயும் போய் நிற்கிறதா என்று கேட்டேன். "இஞ்சை நிற்கிறது அவையளுக்கு, அங்கை நிற்கிறது எனக்கு" என்றா.

கேள்வி கேட்ட அக்காவுக்கு வருகிறேன். மே மாதம் முதல் திங்கள் பொது விடுமுறை. நான் என்ரை மகளைக் கூட்டிக்கொண்டு சவுத் கென்சிங்ரனுக்குப் போறன். விரும்பினவர்கள் காலை பத்து மணிக்கு ஈஸ்ற்ஹாம் ஸ்ரேசன் வாசலுக்கு வாங்கோ. பஸ்ஸில் போவோம், பிள்ளைகளுக்கு அவர்களுடைய கார்ட் இருந்தால் காசில்லை. இலவச ரிக்கற்றை முன்கூட்டியே ஃபோனில் பதியச் சொல்லுகிற இடங்களுக்கு நான் பதிந்து வைக்கிறேன், எத்தனை பேர் என்று மட்டும் செயலாளர் அண்ணையிடம் சொல்லுங்கோ. வாசலில் காசு போடுகிற பெட்டி ஒன்று இருக்கும். போடாவிட்டால் ஒருவரும் பார்க்க மாட்டினம். நான் முதல் மூன்று வருடமும் போடவில்லை, இப்போது போடுகிறேன். மத்தியானம் ஹைட் பார்க்கின் தெற்குப் பக்கத்துப் புல்லில் இருந்து சாப்பிடுவோம். அந்தக் கண்ணாடி மாளிகை நின்றது அங்கேதான். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வாங்கோ. சொதி மட்டும் வேண்டாம், பஸ்ஸில் சிந்தும்.